சகலன் பிடித்த ஈ

எங்கள் குடாநாட்டில் எத்தனை வகைச் சிப்பாய் ஈக்கள் இருக்கின்றன என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்போடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது. அது என்னிடம் மட்டுமே இருந்தது. எனக்கு அது போதும். என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெருப்புப் பெட்டி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் படலையைத் திறக்கும்வரை போதுமாகத்தான் இருந்தது.

நான் உரும்பிராயில் இருந்தேன். உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தேன். எண்பத்து நான்காம் ஆண்டு, வீட்டுக் கோடியிலிருந்த குப்பைக் கிடங்கில், குளவியைப் போலக் கறுத்து நீண்ட ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். குளவிக்கு இறக்கை நான்கு; இதற்கு இரண்டு. அப்படியென்றால் ஈ. வயிற்றின் அடியில், யன்னல் வைத்ததுபோல ஒளி ஊடுருவும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. வெள்ளைக்காரர் எழுதிய பழைய பூச்சி நூல் ஒன்றின் சில பக்கங்களைப் பிரதியெடுத்து வைத்திருந்தேன். அதில் தேடியபோது ஆங்கிலத்தில் சிப்பாய் ஈ என்ற பெயர் கிடைத்தது. தமிழில் இதற்குப் பெயர் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அது குளவிதான்; கண்டால் விலகுவார்கள், அல்லது விளக்குமாற்றால் அடிப்பார்கள்.

"என்ன மாஸ்ரர் தேடுறியள்?" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார் பக்கத்து வளவுக்காரர்.

"சிப்பாய் ஈ."

"இஞ்ச நிக்கிற சிப்பாய்மார் போதாதெண்டே ஈயிலையும் தேடுறியள்?"

அதன் பிறகு நான் யாருக்கும் பெயர் சொல்வதில்லை. ஈ என்று மட்டும் சொல்வேன்.

ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகியது. பனங்காய் விழுந்து அழுகும் காலத்தில் பனையடியில் ஒரு செம்மஞ்சள் இனம் வந்தது. மாட்டுச் சாணத்தில் பச்சை உலோகம்போல மின்னும் மிகச் சிறிய இனம் ஒன்று இருந்தது. பிடித்த ஒவ்வோர் ஈயையும் ஊசியில் குத்தி, ஊசியின் கீழே இரண்டு சிறிய கடதாசித் துண்டுகளைச் செருகுவேன். மேல் துண்டில் பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர். கீழ்த் துண்டில் இனத்தின் பெயர், இனங்கண்டவர் பெயர். இரண்டிலும் என் பெயர்தான். வரைபடம் கீறும் மெல்லிய பேனாவால், கடுகளவு எழுத்தில் எழுதுவேன். அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

கொழும்பில் அருங்காட்சியகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், பட்டியல் முழுமையானதும் மாதிரிகளைப் பார்த்து ஒரு சிறு சஞ்சிகையில் அச்சிட உதவுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு விதியையும் நானே எழுதி அனுப்பினேன். ஒவ்வோர் இனத்துக்கும் நேரே, நம்பத்தக்க முதல் மாதிரியைப் பிடித்தவர் பெயரும் இனங்கண்டவர் பெயரும் அச்சாக வேண்டும். விதி எழுதும்போது வேறொருவர் பெயர் வரக்கூடும் என்று நான் யோசிக்கவில்லை. குடாநாட்டில் இந்த வேலைக்கு வேறு யார் இருந்தார்கள்?

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் தெற்குக்குப் போகும் பாதை அடைபட்டதும் வேலை சிரமமாகிவிட்டது. ஈக்களைக் கொல்லப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து எடுத்த ஈதர் தீர்ந்தது, புதிது வரவில்லை. நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் எது இல்லாவிட்டாலும் புகையிலை இருக்கிறது. ஒரு ஜாம் போத்தலின் அடியில் நறுக்கிய புகையிலையைப் போட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து, சிறிது தண்ணீர் தெளித்து, மேலே பஞ்சை அமுக்கிவிட்டால் போதும். சுண்ணாம்பு பட்டதும் புகையிலையின் நஞ்சு ஆவியாகிவிடும். ஈ உள்ளே போய் இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்துவிடும். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமை. மனைவிக்கு ஜாம் போத்தல் போன கவலை. மின்சாரம் இல்லாமல், விளக்குச் செய்ய ஜாம் போத்தல் தேடித் திரிந்த காலம் அது.

இன்னொரு சிரமம் என் கண். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. உடைந்தால் வேறு வாங்க வழியில்லை. ஆகவே அதை வீட்டில் மேசையில் வைத்துவிட்டு, நுளம்பு வலைத் துணியில் தைத்த கைவலையோடு சைக்கிளில் போவேன். வெளியே பிடிக்கும்போது ஈ எனக்கு ஓர் அசையும் புள்ளி. அதனால் நான் குறை ஒன்றும் உணரவில்லை. வெயிலில் கண் ஏமாற்றும். ஊசியில் குத்தி, யன்னல் ஓரத்தில் வைத்து, உருப்பெருக்கியில் பார்த்த பிறகே எதையும் எழுதவேண்டும் என்பது என் வழக்கம்.

தொண்ணூற்றிரண்டு தையில், மழை ஓய்ந்த கையோடு, வல்லைவெளித் தெருவோரத் தண்ணீர்த் தேக்கம் ஒன்றில் நாலைந்து ஈக்களைப் பிடித்தேன். குட்டையாக, அகன்ற வயிற்றோடு இருந்தன. நீரில் வளரும் இனம். வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்தேன். கறுப்பு வயிற்றில் இரண்டு பக்கமும் மண்ணிறப் பட்டைகள். நூலில் அந்தக் கூட்டத்துக்கு நேரே இரண்டு வழிகள் இருந்தன: பட்டை பச்சையானால் ஓர் இனம், மண்ணிறமானால் இன்னோர் இனம். நான் மண்ணிறத்தை எழுதினேன். பட்டியலில் ஒன்பதாவது. அன்று மத்தியானம் நான் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முறை சோறு கேட்டேன்.

இனி என் சகலனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் உடுப்பிட்டியில் இருந்தார். விவசாயப் போதனாசிரியர். என்னைவிட எட்டு வயது குறைவு. மயிர் நரைக்கவில்லை, கண் மங்கவில்லை. பெற்றோல் இல்லாத காலத்திலும் அவருடைய மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைப் பீச்சி அதை உயிர்ப்பிப்பார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவாள். என் சைக்கிளுக்குச் சத்தமில்லை. அவர் வந்தால் கிணற்றுக் கப்பி திருத்தப்படும், கத்தரிச் செடியின் நோய்க்கு மருந்து சொல்லப்படும், மீன் தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகும். "நீங்கள் தலை விரும்பிச் சாப்பிடுறேல்லைத்தானே" என்பாள் மனைவி. அவள் கொடுக்காமல் நான் எப்படி விரும்பிச் சாப்பிடுவது?

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஈ என்னுடையது என்ற ஒன்று இருந்ததால் பொறுக்க முடிந்தது.

மாசி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன் அவர் நெருப்புப் பெட்டியை என் மேசையில் வைத்துத் தள்ளித் திறந்தார். உள்ளே பஞ்சில் ஓர் ஈ. குட்டை, அகன்ற வயிறு. கறுப்பில் பட்டைகள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பட்டைகள் வாழைக்குருத்துப் பச்சை.

"எங்க பிடிச்சனீர்?"

"எங்கட கொத்தமல்லிப் பாத்தியில அண்ணை. விதைக்கு விட்டது பூத்துப்போய்க் கிடக்கு. பூவில வந்து குந்தினவர். தேத்தண்ணி குடிச்ச ரம்ளரைக் கவிட்டு மூடிப்போட்டன்."

"வலை இல்லாமலோ?"

"வலை என்னத்துக்கு? உவர் ஓடேல்லை. பேந்து ரம்ளரை அப்பிடியே வெயில்ல விட்டன். கொஞ்சத்தில ஆள் சரி."

அவர் என் பிரதிப் பக்கங்களைத் தானே எடுத்தார். விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனார். "பட்டை பச்சை. அப்ப இதுதானே அண்ணை? உங்களிட்ட இது இல்லையே?"

இல்லை. என்னிடம் இருந்தது மண்ணிறம். என் மேசையில், என் உருப்பெருக்கியின் கீழ், என் புத்தகத்தைப் பார்த்து, அவர் பத்தாவது இனத்தைச் சேர்த்துவிட்டார். தேநீர் டம்ளரால் பிடித்து.

"நீங்கள் சொன்ன விதிப்படி என்ரை பேரும் வருமோ?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

"பொறும். வடிவாப் பாக்கவேணும். ஒரு ஈயை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏனப்பா, நீங்கள் மற்றதெல்லாம் ஒரு ஈயை வைச்சுத்தானே சொன்னனீங்கள்?"

மீன் தலை அன்றைக்கும் அவருக்குத்தான் போனது.

அடுத்த நாட்களில் எனக்கு வேறு சிந்தனை இல்லை. பொறாமை என்றால் உள்ளே புழுங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று பலர் நினைப்பார்கள். என் அனுபவம் அப்படியல்ல. நான் என் வாழ்நாளில் அவ்வளவு உழைத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருடைய ஈயையும் என் ஈக்களையும் அருகருகே வைத்து, இறக்கை நரம்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். உணர்கொம்பின் கணுக்களை அளந்தேன். முகத்தின் வளைவு, காலின் நிறம், கண்களின் இடைவெளி, எல்லாம் பார்த்தேன். வித்தியாசம் கிடைத்தால் அவருக்கு இனம் உறுதியாகிவிடும். கிடைக்காவிட்டால் எனக்கு நல்லது. ஆகவே, வித்தியாசம் இருக்கக்கூடாது என்று விரும்பிக்கொண்டே வித்தியாசத்தைத் தேடினேன்.

கிடைக்கவில்லை. நிறத்தைத் தவிர ஒன்றுகூட இல்லை.

பிறகு ஒருநாள் ஜாம் போத்தலைக் கழுவ எடுத்தபோது பஞ்சைப் பார்த்தேன். வெற்றிலை துப்பிய படிக்கம்போல மண்ணிறமாகியிருந்தது. விஷயம் உடனே விளங்கிவிட்டது. என் ஈக்களும் பச்சைதான். என் போத்தலுக்குள் கிடந்து சாயமேறி மண்ணிறமாகிவிட்டன. அப்படியானால் அவருடையதும் என்னுடையதும் ஒரே இனம். அந்த இனம் என் பட்டியலில் தையிலேயே ஏறிவிட்டது. அவர் எதையும் சேர்க்கவில்லை!

குசினிக்குப் போய் மனைவிக்குச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப உவரின்ரை ஈ புதுசில்லையெண்டுதானே சொல்லவாறியள்?" என்றாள், தலை நிமிராமல்.

"நான் உண்மையைச் சொல்லுறன்."

"ஓம், ஓம். சந்தோஷம் முகத்தில தெரியுது."

சனிக்கிழமை ஜாம் போத்தலைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போனேன். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியையும் கொண்டுபோனேன். எதிர்க்காற்று. வல்லைவெளியில் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. ஆனாலும் கால் வலித்ததாக நினைவில்லை.

கொத்தமல்லிப் பாத்தி வாய்க்காலின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சகலன் டம்ளரோடு குனிந்து நின்றார். எனக்கும் ஒன்று தந்தார். அவர் இரண்டு ஈயைக் கவிழ்த்தபோது எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் நிழல் பூவில் விழுகிறதாம், அவர்தான் சொன்னார்.

"இந்தப் பக்கத்தாலை வாங்கோ அண்ணை, சூரியனைப் பாத்தபடி."

"எனக்குத் தெரியும்."

ஒரு ஈயை டம்ளரின் கீழ் வெயிலில் விட்டோம். மற்றதை என் போத்தலில் போட்டேன். விழுந்தது. மச்சாள், அதாவது என் மனைவியின் தங்கை, பனங்கட்டியோடு தேநீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்துப் போத்தலைப் பார்த்தோம். ஈ பச்சையாகவே கிடந்தது.

"பச்சையாத்தானே கிடக்கு" என்றார் சகலன். குரலில் ஒரு நிம்மதி.

"பொறும். நான் பிடிச்சால் அடுத்தநாள்தான் எடுக்கிறனான். விடிய மட்டும் கிடக்கட்டும்."

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் முற்றத்துக் கதிரையில் போத்தலை வைத்து, இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் போட்டேன். சகலனும் மச்சாளும் இரண்டு பக்கமும் நின்றார்கள். டம்ளர் ஈ பச்சை. போத்தல் ஈ மண்ணிறம். என் மேசையில் இருப்பவை என்ன நிறமோ அதே நிறம்.

"பாரும்," என்றேன். "ரெண்டும் ஒண்டு. நீர் புதுசா ஒண்டும் பிடிக்கேல்லை. இது என்னட்டை முதலே இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் எதிர்க்காற்றில் வந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகாது. சிறிது நேரம் இரண்டு ஈக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அண்ணை, உயிரோட நிக்கேக்கை நிறம் பச்சையெல்லே?"

"ஓம்."

"புத்தகத்தில பச்சைக்கு ஒரு பேரும் மண்ணிறத்துக்கு வேற பேருமெல்லே கிடக்கு? நீங்கள் எழுதினது மண்ணிறத்தின்ரை பேர். அந்த இனம் எங்களிட்டை இல்லையே, அப்ப?"

அவருடைய இனத்தை எப்படி அழிப்பது என்று யோசித்த அத்தனை நாளும், அதே கையால் என்னுடையதை அழிக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடாநாட்டில் இருந்தது பச்சைப் பட்டை இனம். அதைப் பச்சையென்று கண்டவர் அவர். அதன் சரியான பெயரை என் மேசையிலிருந்து விரல் வைத்து வாசித்தவரும் அவர். அதன் உண்மையான நிறத்தோடு இருந்த மாதிரியும் அவருடையது. நான் பட்டியலில் எழுதி வைத்திருந்தது இங்கே இல்லாத ஓர் இனம்.

மச்சாள்தான் முதலில் சிரித்தாள். "அத்தான், வெத்திலை போட்ட ஈயையே இவ்வளவு நாளும் வைச்சு ஆராய்ச்சி செய்தனீங்கள்?"

சகலன் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சும்மா இரும்" என்று அவளை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கட பேரையே போடுங்கோ அண்ணை. முதல் பிடிச்சது நீங்கள்தானே. எனக்கென்ன, ஒரு ஈ."

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் கூட வந்தது. ஒரு ஈ. அவருக்கு அது ஒரு ஈ. என் பெயரை எழுதிவிடலாம், அவரே சொல்லிவிட்டார். தையில் பிடித்தது நான் என்பதும் பொய்யல்ல. ஆனால் நம்பத்தக்க மாதிரி என்று விதியில் எழுதியவன் நான். சாயமேறிய ஈயை வைத்து நிறத்தைச் சொல்ல முடியாது. டம்ளரில் பிடித்த ஈயில் என் பெயரை எழுதினால், அது அவர் எனக்குத் தந்த தானமாகிவிடும். மீன் தலையை எடுத்து என் கோப்பையில் வைத்ததுபோல. அதை என்னால் விழுங்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். என் மண்ணிற ஈக்களின் கீழ்த் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். பிறகு புதுத் துண்டுகள் வெட்டி, மெல்லிய பேனாவை எடுத்து, அவருடைய ஈக்கு எழுதினேன். உடுப்பிட்டி, கொத்தமல்லிப் பூ. பிடித்தவர்: அவர் பெயர். இனங்கண்டவர்: அவர் பெயர். என் எழுத்திலேயே மிகவும் நன்றாக அமைந்த எழுத்து அதுதான். மை எங்கும் ஊறவில்லை, ஒரு கோடும் தடுமாறவில்லை. மனைவி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஈக்களை அடுக்கிய பெட்டியை, பாதை அடைபட்டிருந்ததால் கிளாலிக் கடல்நீரேரியில் படகேறிக் கொழும்புக்குப் போன ஓர் ஆசிரியர் மடியில் வைத்துக் கொண்டுபோனார். ஓய்வுபெற்ற அந்த அருங்காட்சியகக்காரர் எல்லாவற்றையும் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து சஞ்சிகை கைக்கு வந்தது. ஒன்பது இனங்கள். எட்டுக்கு நேரே என் பெயர் இரண்டு தடவை. ஒன்றுக்கு நேரே அவர் பெயர் இரண்டு தடவை. நான் எத்தனை முறை பிரித்தாலும் கண் அந்த ஒன்றில்தான் போய் விழுந்தது. அவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அவர் அதைப் பிறகு எங்கோ வைத்துவிட்டார். அப்போது தேனீ வளர்க்கத் தொடங்கியிருந்தார். ஈயைப் பற்றிக் கேட்டால் தேனீயைப் பற்றிக் கதைத்தார். நான் இன்னும் குப்பைக் கிடங்கிலும் சாணக் குவியலிலும் பத்தாவது இனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று நாலில் கொழும்புத்துறையில் ஒரு கல்யாணம். மனைவி வழிச் சொந்தம். பந்தியில் எனக்கு எதிரே சகலன் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மச்சாள். மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் குனிந்து, "உவர்தானே புத்தகத்தில ஈ கண்டுபிடிச்சவர்?" என்று கேட்டார். என்னைக் காட்டவில்லை. சகலனைக் காட்டினார்.

"ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை," என்றார் சகலன். "எல்லாம் அண்ணைதான். நான் சும்மா ரம்ளரைக் கவிட்டன்."

"மெய்யே? என்ன மாதிரி ஈ?"

"நல்ல வடிவான ஈ. வயித்தில பச்சைப் பட்டை. முதுகில நாலு முள்ளு நிக்கும்."

பந்தியில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஈக்கு முள்ளோ, என்றார் ஒருவர். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டு," என்றேன்.

"என்ன அண்ணை?"

"முள்ளு ரெண்டு. நாலு முள்ளு நிக்கிறது வேற கூட்டம். அது இஞ்ச இல்லை."

"பாத்தியளே!" என்று மச்சாள் பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "அத்தானுக்கு இன்னும் எரியுது!"

எல்லோரும் சிரித்தார்கள். சகலனும் சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள். எரிந்தது உண்மைதான். பரிமாறுகிறவர் வாளியோடு வந்தார். பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளையின் மாமனுக்கு விளங்கும்படி இரண்டு விரலைக் காட்டினேன்.